மாடி எழுப்புமுன் அத்திவாரத்தைப் பாருங்கள்

இடம்பெயர்ந்து போகும்போது மூன்று சிறுபிள்ளைகளோடு போன குடும்பம், திரும்பி வரும்போது இரண்டு மருமக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் வருகிறது. காணி பழைய காணிதான். வீடு, பழைய வீட்டின் மிஞ்சிய சுவர்களாக இருக்கலாம், அல்லது உதவித்திட்டத்தில் கட்டிய 500 அல்லது 550 சதுர அடி வீடாக இருக்கலாம். எல்லோருக்கும் படுக்க இடம் போதாது. அப்போது வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: "மேலே ஒரு மாடி எழுப்பினால் என்ன?"

எழுப்பலாம். ஆனால் மாடி கட்ட முடியுமா என்பதைத் தீர்மானிப்பது மேலே உள்ள இடமல்ல, கீழே மண்ணுக்குள் இருக்கும் அத்திவாரம். அது தாங்காது என்று கட்டி முடித்தபின் தெரியவந்தால், புதிய மாடியோடு பழைய வீடும் போகும். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணமும் அடகு வைத்த நகையும் அதோடு போகும். ஆகவே மேசனோடு விலை பேசுமுன் நீங்கள் பார்க்க வேண்டியவற்றை இங்கே ஒழுங்காகத் தருகிறோம்.

மேலேயா, பக்கத்திலா?

முதலில் உங்கள் காணியைப் பாருங்கள். வன்னியில் கால் ஏக்கர், அரை ஏக்கர் காணியில் இருக்கும் குடும்பத்துக்கு மாடி பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டின் பக்கத்திலோ பின்புறத்திலோ இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்டுவது செலவு குறைந்த வேலை. மாடிக்குப் படி வேண்டும், கொங்கிறீற் தட்டு வேண்டும், பீம் வேண்டும், உயரத்தில் சாரம் கட்ட வேண்டும். நிலத்தில் கட்டும் அறைக்கு இவை எதுவும் வேண்டாம். கட்டும் நாட்களில் பழைய வீட்டின் கூரையைக் கழற்றவும் தேவையில்லை.

யாழ்ப்பாண நகரப் பகுதியில் இரண்டு பரப்புக் காணி, மட்டக்களப்பு நகரில் 10 பேர்ச் காணி, கரையோரக் கிராமத்தில் வீட்டோடு வீடு ஒட்டிய காணி என்றால் கதை வேறு. கிணறு, மலசலகூடக் குழி, நடைபாதை போக மிச்சம் இடமில்லை. வெள்ளம் ஏறும் இடங்களில், பத்திரங்களையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் நெல்லையும் காப்பாற்ற மேலே ஓர் அறை இருப்பது பெரிய உதவி. இப்படியான இடங்களில் மாடியைப் பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு.

மாடி என்பது எவ்வளவு பாரம்?

20 அடிக்கு 25 அடி, அதாவது 500 சதுர அடி வீடு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இப்போது அந்த வீட்டின் மேல் இருப்பது மரமும் ஓடும் மட்டுமே. அதன் பாரம் ஏறக்குறைய 3 அல்லது 4 தொன்.

அதே வீட்டின் மேல் மாடி வந்தால் கணக்கு இப்படி மாறும்:

• 5 அங்குலத் தடிப்புள்ள கொங்கிறீற் தட்டு சதுர அடிக்கு ஏறக்குறைய 28 கிலோ. 500 சதுர அடிக்கு 14 தொன்.

• 6 அங்குலச் சீமெந்துக் கல்லால் 9 அடி உயரத்தில் கட்டிப் பூசிய சுவர், ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய கால் தொன். வெளிச்சுவரும் உட்சுவருமாக 100 அடி நீளம் என்றால் 25 தொன்.

• மேலே வாழும் ஆட்கள், கட்டில், அலுமாரி, தண்ணீர் முதலியவற்றுக்குப் பொறியியலாளர்கள் ஒதுக்கும் பாரம் ஏறக்குறைய 7 தொன்.

இவை மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 45 தொன். கழற்றிய கூரையும் திரும்ப மேலே ஏறும். ஒரு கியூப் மணல் 4 தொன்னுக்குச் சற்றுக் கூட என்று வைத்தால், பத்துக் கியூப் மணலை உங்கள் வீட்டுக்கு மேல் கொட்டுவதற்கு இது சமம். ஓட்டுக் கூரையைத் தாங்குவதற்கென்று போட்ட அத்திவாரத்திடம் இதைக் கேட்கப் போகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் ஒரு தளத்துக்கும் இலேசான கூரைக்கும் என்றே வரையப்பட்டவை. அவை தரக்குறைவான வீடுகள் என்பது இதன் பொருளல்ல. அவற்றுக்குக் கொடுத்த வேலையை அவை சரியாகச் செய்கின்றன. இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

வெளியே நீட்டிய கம்பிகளை நம்ப வேண்டாம்

சில வீடுகளில் விறாந்தைத் தட்டின் மேலோ தூண்களின் மேலோ கம்பிகள் நீட்டி விடப்பட்டிருக்கும். "பின்னுக்கு மாடி கட்டலாம் என்று மேசன் விட்டவர்" என்பார்கள். கம்பி நீட்டியிருப்பதால் கீழே அத்திவாரம் மாடிக்கென்று போடப்பட்டது என்று ஆகிவிடாது. பல வருடம் மழையிலும் உப்புக் காற்றிலும் நின்ற கம்பி துருவேறி மெலிந்தும் இருக்கும். கம்பியைத் தட்டும்போது துரு தகடு தகடாக உதிர்ந்தால் அதில் புதிய தூணைத் தொடங்கக் கூடாது. என்ன செய்வதென்று பொறியியலாளர் சொல்லட்டும்.

அத்திவாரத்தைப் பார்ப்பது எப்படி?

வீட்டின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று இடங்களில் சுவரை ஒட்டிச் சிறு குழி வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை.

உங்கள் பகுதி கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்கள் குடியிருக்க விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். விடுவிக்கப்பட்ட காணியிலும் ஆழத்தில் வெடிக்காத வெடிபொருள் கிடக்கலாம். வளவு துப்புரவாக்கும்போது படாத ஆழத்தை அத்திவாரக் குழி தொடும். மண்ணுக்குள் உலோகம், வயர், பிளாஸ்ரிக் பெட்டி போன்றவை தெரிந்தால் தொடாதீர்கள், இழுக்காதீர்கள், அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். நின்ற வழியே திரும்பி வாருங்கள். பிள்ளைகளை அப்பால் கொண்டுபோய் விடுங்கள். இடத்துக்கு அடையாளம் இட்டு, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கோ கிராம அலுவலருக்கோ உடனே அறிவியுங்கள். கூலிக்கு வெட்ட வருபவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குழி வெட்டும் முறை:

1. வீட்டின் ஒரு மூலையிலும், நீளமான சுவரின் நடுவிலும், விரிசல் இருந்தால் அதன் கீழும் இடம் தெரிவு செய்யுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு குழி மட்டும். இரண்டரை அடி அகலம் போதும். அத்திவாரத்தின் அடி தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே தோண்டினால் சுவர் இறங்கும்.

3. நிலமட்டத்திலிருந்து அத்திவாரத்தின் ஆழம், அடியில் அதன் அகலம், கருங்கல்லா சுண்ணக்கல்லா செங்கல்லா, கல்லுக்கு இடையில் உள்ள சாந்து கையால் உதிர்கிறதா, அடியில் கொங்கிறீற் படை உண்டா என்று எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள்.

4. அடியில் உள்ள மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

5. அன்றைக்கே குழியை மூடி, படை படையாக இடித்து இறுக்குங்கள். மழை நாளில் இந்த வேலை வேண்டாம்.

இந்தக் குறிப்பும் படமும் பொறியியலாளருக்கு மிகவும் உதவும். அவர் வரும் நாளிலேயே குழி வெட்டினால் இன்னும் நல்லது.

மண் என்ன சொல்கிறது?

ஒரே அளவு அத்திவாரம் ஒரு மண்ணில் தாங்கும், இன்னொரு மண்ணில் தாங்காது. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் மழைக்கு ஊதும், கோடையில் வெடிக்கும். வயலோரக் களி நிலங்களிலும் இந்தக் குணம் உண்டு. இப்படியான மண்ணில் சாதாரண ஒற்றைத்தள வீடுகூட ஆண்டுதோறும் அசைகிறது. முல்லைத்தீவுக் கரையோர மணலில், வெள்ளம் அரித்துக்கொண்டு போகாதபடி ஆழம் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல் மேலாக இருக்கும் இடங்களில் நிலம் உறுதியானது போலத் தெரியும். ஆனால் சுண்ணக்கல்லில் நீர் கரைத்த பொந்துகளும் வெடிப்புகளும் உண்டு. குழியில் கல் தெரிந்தவுடன் "பாறை கண்டாயிற்று" என்று முடிவு செய்ய வேண்டாம். அலவாங்கால் தட்டிப் பார்த்து, வெறுமையான சத்தம் கேட்டால் பொறியியலாளரிடம் சொல்லுங்கள்.

பழைய கிணறு, மலசலகூடக் குழி, பதுங்குகுழி ஆகியவற்றை மூடிய இடம் இன்னும் கவனத்துக்குரியது. பல வளவுகளில் குடும்பங்கள் தாமே வெட்டிய பதுங்குகுழிகள் பின்னர் குப்பையும் மண்ணும் போட்டு மூடப்பட்டன. அப்படி நிரப்பிய மண் பாரம் ஏறும்போது இறங்கும். அந்தக் காணியில் முன்பு இருந்தவர்களிடமும் அயலவரிடமும் கேட்டு, அவை எங்கே இருந்தன என்று ஒரு கடதாசியில் வரைந்து வையுங்கள்.

யுத்தத்தைக் கண்ட சுவர்கள்

பழைய வீட்டின் சுவர் நிற்கிறது என்பதற்காக அது பாரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. பின்வரும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும், பொறியியலாளர் பார்க்கும்வரை அதன் மேல் எதையும் ஏற்றக் கூடாது.

• யன்னல், கதவு மூலைகளிலிருந்து சரிவாக ஓடும் விரிசல். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே சிறிது சீமெந்துச் சாந்து பூசி விடுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் போனபின் அந்தப் பூச்சு வெடித்திருந்தால் வீடு இன்னும் அசைகிறது.

• தீப்பிடித்த அறிகுறி. எரிந்த கொங்கிறீற் சில வேளை இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும், மேற்பரப்பு கழன்று விழும். அது தன் பலத்தில் பெரும் பகுதியை இழந்திருக்கலாம்.

• செல் பட்ட ஓட்டைகளைப் பூசி மூடிய சுவர். வெளியே பூச்சு அழகாக இருக்கும், உள்ளே கல் பிளந்திருக்கும்.

• பல வருடம் கூரையில்லாமல் நனைந்து நின்ற சுவர், ஆலும் அரசும் முளைத்து வேர் விட்ட சுவர். செடியை வெட்டினாலும் வேர் உள்ளே பிளந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

• சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய நாற்சார் வீட்டுச் சுவர். அகலமாக இருந்தாலும் அது கொங்கிறீற் மாடிக்கென்று கட்டப்பட்டதல்ல.

• பீம், லின்ரல், தட்டு ஆகியவற்றில் சீமெந்து உரிந்து துருக் கம்பி வெளியே தெரிவது.

உங்களுக்கு முன்னால் உள்ள நான்கு வழிகள்

ஒன்று: பழைய வீட்டின் மேலேயே கட்டுவது. அத்திவாரமும் சுவரும் அல்லது தூண்களும் தாங்கும் என்று பொறியியலாளர் கணக்குப் பார்த்து எழுத்தில் தந்தால் மட்டும் இந்த வழி. அப்படித் தந்தாலும் மேல் சுவர்கள் கீழ்ச் சுவர்களின் நேர் மேலேயே வர வேண்டும். ஹோலின் நடுவில், கீழே சுவரில்லாத இடத்தில் மேலே சுவர் வைத்தால், அதற்கெனத் தனிப் பீம் வேண்டும்.

இரண்டு: தனித் தூண்களில் மாடி. பழைய சுவரில் பாரம் ஏற்றாமல், புதிய கொங்கிறீற் தூண்களைப் புதிய அத்திவாரத்தில் நிறுத்தி, அவற்றின் மேல் பீமும் தட்டும் போடுவது. பழைய வீடு கீழே தன்பாட்டில் நிற்கும். அத்திவாரம் போதாத வீடுகளுக்கு இது பொருத்தமான வழி, செலவும் கூட. புதிய தூண் குழிகளைப் பழைய அத்திவாரத்துக்கு அருகில் அதைவிட ஆழமாக வெட்டுவது ஆபத்து. எவ்வளவு தள்ளி வெட்டுவது என்று வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். எல்லாக் குழிகளையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து விடக் கூடாது.

மூன்று: பாரம் குறைந்த மேற்தளம். இரும்புச் சட்டகம், இலேசான பலகைச் சுவர், தகரக் கூரை. கொங்கிறீற் மாடியைவிடப் பாரம் மிகக் குறைவு. ஆனால் இலேசானதைக் காற்று எளிதாகத் தூக்கும். இதற்கும் பொறியியலாளரின் கணக்கு வேண்டும்.

நான்கு: இப்போது கீழே, பிறகு மேலே. பழைய வீட்டின் பக்கத்தில் இரண்டு அறைகளைக் கட்டுங்கள். அந்தப் புதிய பகுதியின் அத்திவாரத்தையும் தூண்களையும் மட்டும் மாடிக்கு ஏற்றபடி போடுங்கள். வசதி வரும்போது அந்தப் பகுதிக்கு மேல் மாடி எழுப்பலாம். மண்ணுக்குள் போன பொறியியல் வரைபடத்தையும் குழியில் கம்பி கட்டியபோது எடுத்த படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து வரும் மேசனுக்கு அவைதான் சாட்சி. கையில் முழுப் பணம் இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழியையே முதலில் யோசிக்கச் சொல்கிறோம்.

படியும் மலசலகூடமும்

மாடிப் படிக்கு எவ்வளவு இடம் போகும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். தளத்திலிருந்து தளத்துக்கு 10 அடி உயரம், ஒரு படி 7 அங்குலம் என்றால் 17 படி ஏற வேண்டும். கால் வைக்கும் அகலம் 10 அங்குலம் என்றால் நேர்ப் படிக்கு 13 அடிக்கு மேல் நீளம் வேண்டும். நடுவில் திரும்பும் படி என்றாலும் 7 அடிக்கு 10 அடி போகும், அதாவது சிறிய அறை ஒன்று. 500 சதுர அடி வீட்டுக்குள் படி வைத்தால் இருக்கும் அறையொன்று போய்விடும். வெளியே விறாந்தைப் பக்கம் வைப்பது நல்லது. இடம் மிச்சம் பிடிக்கப் படியை நெட்டுக்குத்தாக வைத்தால் மழை நாளில் வயதானவர் விழுவார். இரு பக்கமும் கைபிடியும், மாடி விளிம்பில் குறைந்தது மூன்றரை அடி உயரக் கைபிடிச் சுவரும் வேண்டும். கைபிடிச் சுவர் எழும்பும்வரை பிள்ளைகளை மேலே விடக் கூடாது.

அம்மம்மா, அப்பப்பா, யுத்தத்தில் கால் இழந்தவர், கர்ப்பிணித் தாய் ஆகியோருக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் மலசலகூடமும் எப்போதும் இருக்க வேண்டும். மாடி இளையவர்களுக்கு.

மேலே மலசலகூடம் வைத்தால் அதைக் கீழ் மலசலகூடத்தின் நேர் மேலேயே வையுங்கள். குழாய் குறையும், ஒழுக்கும் குறையும். ஆட்கள் கூடினால் குழியும் பெரிதாக வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் தூரம். சுண்ணக்கல் நிலத்தில் கழிவுநீர் வெடிப்புகள் வழியே தூரம் போகும் என்பதால் இன்னும் கூடுதலாக விடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வளவைப் பார்த்துச் சொல்வார்.

காற்றை மறக்க வேண்டாம்

1964 டிசம்பரில் வடக்கைத் தாக்கிய சூறாவளியையும், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும் கண்டவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள். 1978க்குப் பின்னர் கட்டட வேலைக்காக நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. காற்று மிகக் கடுமையாகக் கணிக்கப்படும் வலயம் கிழக்கு, வடகிழக்குக் கரையோரம். வீடு உயரும்போது அது வாங்கும் காற்றும் கூடும். ஆகவே மேல் சுவரின் உச்சியில் சுற்றிவரக் கொங்கிறீற் பீம் போட்டு, அதற்குள் புதைத்த ஆணியிலோ இரும்புப் பட்டியிலோ கூரை மரத்தை இறுக்க வேண்டும். சுவருக்கு மேல் மரத்தைச் சும்மா வைத்துச் சாந்தால் மூடுவது போதாது.

மாடி எழும்பும்போது தெருவில் போகும் மின்கம்பி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். சாரம் கட்டுமுன் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் அறிவித்து, அவர்கள் சொல்லும் தூரத்தை விடுங்கள்.

காணி யாருடையது, மாடி யாருக்கு?

கட்டுமுன் உறுதியை எடுத்துப் பாருங்கள். காணி உங்கள் பெயரில் உள்ளதா, இறந்த பெற்றோர் பெயரிலேயே உள்ளதா, வெளிநாட்டில் உள்ள சகோதரருக்கும் பங்கு உண்டா? பங்குக் காணியில் நீங்கள் மட்டும் செலவு செய்து எழுப்பிய மாடி பிறகு வழக்குக்குக் காரணமாகும். அரச காணி அனுமதிப்பத்திரத்தில் இருப்பவர்கள் பிரதேச செயலகக் காணிக் கிளையில் முதலில் பேசுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் அதன் பிரதியை எடுப்பதே முதல் வேலை.

"கீழ் மூத்தவளுக்கு, மேல் இளையவளுக்கு" என்று சீதனமாகப் பேசிக் கட்டும் வீடுகள் உண்டு. மாடியை மட்டும் சாதாரண உறுதியால் தனியாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. மாடிகளைத் தனித்தனிச் சொத்தாக்க வேறு சட்டமும், அதற்கென நில அளவையாளர் வரையும் வரைபடமும் உண்டு. வாக்குக் கொடுக்குமுன் நொத்தாரிசு ஒருவரிடம் கேளுங்கள். நிலத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவது இலகுவாக இருக்கலாம்.

மேல்தளம் சேர்ப்பதற்குப் பிரதேச சபையின், நகரத்தில் நகர சபையின் அல்லது மாநகர சபையின், கட்டட அனுமதி வேண்டும். முதல் வீட்டுக்கு எடுத்த அனுமதி மாடிக்குச் செல்லாது. உறுதிப் பிரதி, நில அளவைப் படம், தகுதியானவர் வரைந்த வீட்டு வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறுங்கள். வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் அது கேட்கப்படும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வீடு இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.

உதவித்திட்ட வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால், அதன் நடுவில் திட்டத்தை மாற்றி மாடிக்கென்று தூண் எழுப்ப வேண்டாம். பணம் கட்டம் கட்டமாக, வரைபடப்படி வேலை நடந்ததைப் பார்த்தே விடுவிக்கப்படுகிறது. மாற்றம் வேண்டுமென்றால் முதலில் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பணமும் காலமும்

பாதியில் நின்ற மாடி எந்த வீட்டையும்விட மோசமானது. கூரை போய்விட்டது, தட்டு வரவில்லை, மழை வந்துவிட்டது என்ற நிலைக்கு ஒரு குடும்பமும் வரக் கூடாது. அதற்கு ஒரே விதி: தட்டையும் மேல் சுவரையும் கூரையையும் முடிக்கும் பணம் கையில் இல்லாமல் பழைய ஓட்டில் ஒன்றைக்கூடக் கழற்ற வேண்டாம். பூச்சும் நிறமும் யன்னல் கண்ணாடியும் பிறகு வரலாம்.

பொருட்களின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்குப் பதினைந்து பங்காவது ஒதுக்குங்கள். மேசனுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல், தூண், தட்டு, சுவர், கூரை என்று கட்டத்துக்குக் கட்டம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாரத் தவணைக் கடன்களை நம்பி மாடி எழுப்ப வேண்டாம். வீடு கட்டும் காலத்தில் வருமானம் குறையும், தவணை குறையாது.

வடக்கு கிழக்கில் பெருமழை ஒக்டோபர் முதல் தை மாதம் வரை. தைப்பொங்கல் கழிந்து தொடங்கினால், புரட்டாதி முடியுமுன் கூரை ஏறிவிடும். கழற்றும் ஓடுகளையும் மரங்களையும் அடுக்கி மூடி வைத்தால் பெரும் பகுதியைத் திரும்பப் பாவிக்கலாம். கூரை கழற்றிய நாளிலிருந்து தட்டின் முட்டுகள் கழற்றும்வரை யாரும் கீழே படுக்கக் கூடாது. உறவினர் வீட்டிலோ வளவில் கட்டிய கொட்டிலிலோ இருக்க ஒழுங்கு செய்யுங்கள்.

தட்டுப் போடும் நாள்

அன்றைக்கு வீட்டில் ஒருவர் இவற்றைப் பார்த்து நிற்க வேண்டும்:

• வரைபடத்தில் உள்ள கம்பியின் தடிப்பும் இடைவெளியும்தானா கட்டியிருக்கிறார்கள்? பொறியியலாளரோ தொழினுட்ப உத்தியோகத்தரோ பார்க்காமல் கொங்கிறீற் போட விட வேண்டாம்.

• கம்பிக்கும் பலகைக்கும் இடையில் சிறு சீமெந்துக் கட்டைகள் வைத்திருக்கிறார்களா? கம்பி பலகையில் கிடந்தால் சில வருடத்தில் துருப்பிடிக்கும்.

• கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலக்கக் கூடாது. உப்பு கம்பியைத் தின்னும். நல்ல தண்ணீரை பவுசரில் எடுப்பிக்கும் செலவு வீண் செலவல்ல.

• கலவை வரைபடத்தில் சொன்னபடியா? ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலச் சல்லி என்பது வீட்டுத் தட்டுக்கு வழமையான அளவு. பெட்டியால் அளக்க வேண்டும், மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். வேலைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் பலம் குறையும்.

• மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள், தட்டின் மேல் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். முட்டுகளை 14 நாளுக்கு முன் தொடக் கூடாது. பொறியியலாளர் 21 நாள் என்றால் 21 நாள்.

முடிவெடுக்குமுன் உங்களையே கேளுங்கள்

1. பக்கத்தில் கட்ட இடமே இல்லையா?
2. அத்திவாரத்தைக் குழி வெட்டிப் பார்த்தோமா? நிலம் வெடிபொருள் இல்லாததென்று உறுதியா?
3. பொறியியலாளர் எழுத்தில் தந்தாரா?
4. காணியில் வேறு பங்காளர் உண்டா? அவர்கள் சம்மதம் எழுத்தில் உண்டா?
5. சபையின் அனுமதி கையில் உண்டா?
6. கூரைவரை முடிக்கும் பணம் உண்டா?
7. மழைக்கு முன் முடியுமா?
8. கட்டும் நாட்களில் எங்கே இருப்போம்?

எட்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் தொடங்குங்கள். ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், அது கிடைக்கும்வரை பொறுங்கள். பொறியியலாளருக்குக் கொடுக்கும் பணம் பெரிதாகத் தோன்றினால், உங்கள் பிரதேச செயலகத்திலோ வீட்டுத்திட்டத்தை நடத்தும் நிறுவனத்திலோ உள்ள தொழினுட்ப உத்தியோகத்தரிடம் முதல் ஆலோசனை கேளுங்கள். அத்திவாரக் குழியின் படங்களையும் வீட்டின் அளவுகளையும் கையோடு கொண்டு போங்கள்.

ஒருமுறை இழந்த வீட்டைத் திரும்பக் கட்டியவர்கள் நீங்கள். இன்னும் ஒரு மாரி பொறுத்து, கீழே உள்ளதைச் சரியாகப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், அந்த மாடியில் உங்கள் பிள்ளைகள் பயமில்லாமல் படுப்பார்கள்.